ஆப் டாக்ஸியில் பாலியல் வன்முறை: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பெண்கள் எந்தச் சட்ட வழியை எப்போது எடுப்பது?

“போலீசுக்குப் போவதா, கம்பெனியில் சொல்லி ஓட்டுநரை நீக்க வைப்பதா, பேசாமல் விட்டுவிடுவதா?” ஆப் டாக்ஸியிலோ பைக் டாக்ஸியிலோ ஓட்டுநரின் அத்துமீறலுக்கு ஆளான பெண்களும், அவர்களுக்காகக் கேட்கும் அக்கா தங்கைகளும், இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று எண்ணிக்கொண்டே கேட்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் குழப்பம் இரட்டிப்பு. ஏறியது எலக்ட்ரானிக் சிட்டியில். அத்துமீறல் நடந்தது சந்தாபுராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் எங்கோ. இறங்கியது ஓசூர் பஸ் நிலையத்தில். வண்டியோ கர்நாடகப் பதிவு. எந்த ஊர் போலீஸ், எந்த ஊர் கோர்ட் என்ற கேள்வியிலேயே பலர் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள்.

ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. போலீஸ் வழக்கு நடக்கும்போதே இழப்பீட்டுக்கு மனுச் செய்யலாம். அலுவலகக் குழுவில் விசாரணை நடக்கும்போதே எஃப்.ஐ.ஆர். போடலாம். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கெடு உண்டு. சிலவற்றுக்கு மணிக்கணக்கு, சிலவற்றுக்கு மாதக்கணக்கு, சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கு. எது சிறந்த வழி என்று யோசிப்பதற்கு முன்னால், எது முதலில் கைநழுவிப் போகும் என்று பாருங்கள். முடிவை அந்த வரிசையே தீர்மானிக்கட்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் இந்த ஒப்பீடு பொருந்தாது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கெடு. இரண்டாவது, அந்த வழியில் என்ன நிரூபிக்க வேண்டும், எந்த அளவு உறுதியாக நிரூபிக்க வேண்டும் என்பது. மூன்றாவது, தொடங்கிய பிறகு கடிவாளம் யார் கையில் இருக்கும். நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிற்குமா? நான்காவது, பெயர் வெளியே வராமல் காக்கப்படுமா. ஐந்தாவது செலவு. இதில் கட்டணத்தைவிட மற்றவைதான் கனமானவை: விடுப்பு, சம்பள இழப்பு, சாட்சியமாகப் போலீஸ் எடுத்து வைத்துக்கொள்ளும் போன், நடந்ததையே நாலு பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய வேதனை. கடைசியாக, முடிவில் கிடைப்பது எது: தண்டனையா, பணமா, அந்த ஆள் இன்னொரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகாமல் இருப்பதா?

கடைசிக் கேள்விக்கு உங்கள் மனத்தில் என்ன பதில் இருக்கிறது என்று யாரும் கேட்காமலேயே வீட்டார் முடிவெடுத்துவிடுகிறார்கள். அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அதற்கு ஓர் இரவு தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், கீழே சொல்லும் ஒன்றை மட்டும் உடனே செய்துவிட்டால்.

## எந்த வழியானாலும் முதலில் மருத்துவமனை

உடல் ரீதியான அத்துமீறல் என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்கினால்தான் பலன் உண்டு. கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஓசூர் அரசு மருத்துவமனை, கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றுக்குப் போகலாம். பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 397ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பது குற்றம்.

“எஃப்.ஐ.ஆர். கொண்டுவாருங்கள், பிறகு பார்க்கிறோம்” என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தரும்; அது அவர்கள் கடமை. ஆனால் புகார் கொடுக்க இப்போது விருப்பமில்லை என்று நீங்கள் சொல்லலாம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டு நெறிமுறை அந்த மறுப்பைப் பதிவுசெய்துகொண்டு சிகிச்சை தரச் சொல்கிறது. பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். ‘இரு விரல் சோதனை’ செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

குளிக்கும் முன், துணியைத் துவைக்கும் முன் போவது நல்லது. மாற்றிய துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். குளித்துவிட்டீர்கள் என்றாலும் போங்கள். வழக்கு அதனால் விழுந்துவிடாது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் நம்பத்தக்கதாக இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை உறுதிசெய்த நிலை.

ஆப்பை அழித்துவிடாதீர்கள். பயண எண், ஓட்டுநர் பெயர், படம், வண்டி எண், போன பாதை, ஏறிய நேரம், இறங்கிய நேரம், அழைப்புப் பட்டியல் ஆகிய எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஆப்பில் காட்டிய ஓட்டுநர் வேறு, வண்டியில் வந்த ஆள் வேறு என்றால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நிறுவனத்தைக் கேள்வி கேட்க இதைவிட வலுவான பிடி கிடைக்காது.

## வழி 1: போலீஸ் வழக்கு

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். வன்புணர்வு என்று அதன் 63ஆம் பிரிவு சொல்வது உடலுறவை மட்டும் அல்ல. விரலாலோ பொருளாலோ வாயாலோ செய்ததும் அதில் அடங்கும். தண்டனை 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. தவறான நோக்கத்துடன் தொடுவதும் பிடித்து இழுப்பதும் 74ஆம் பிரிவு: 1 முதல் 5 ஆண்டு. ஆபாசப் படம் காட்டுவதும் பாலுறவுக்கு அழைப்பதும் 75ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை. பயணம் முடிந்த பிறகும் விடாமல் அழைப்பது, பின்தொடர்வது 78ஆம் பிரிவு. “தொட்டான், அவ்வளவுதானே” என்று யாராவது சொன்னால், அந்த ‘அவ்வளவு’க்கு 5 ஆண்டு சிறை உண்டு என்று அறிந்துகொள்ளுங்கள்.

இனி எல்லைப் பிரச்சினை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். ஓசூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்தால், “அத்திப்பள்ளிக்குப் போங்கள்” என்று உங்களை அனுப்ப முடியாது. அவர்கள் பதிந்து அங்கே அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் புகார் அனுப்பலாம். 3 நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட்டால் போதும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

பலருக்கும் தெரியாத, அதே சட்டத்தின் 203ஆம் பிரிவையும் இங்கே சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில், பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்துபோன எந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றமும் விசாரிக்கலாம். பெங்களூரில் கிளம்பிய கார் ஓசூருக்குள் வந்திருந்தால், வழக்கைக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே நடத்தக் கோர இடமிருக்கிறது. இதை முதல் நாளே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். வழக்கு பெங்களூருக்குப் போனால் ஆவணங்கள் கன்னடத்தில் இருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். இங்கேயே நடந்தால் தமிழில் சொல்லலாம், தமிழில் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக உள்ள பெண்கள், எழுதியதைத் தங்கள் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்திட வேண்டும்.

புகாரைப் பெண் அதிகாரி பதிய வேண்டும். வன்புணர்வு வழக்கில் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ வாங்க வேண்டும். அதன்பிறகு மாஜிஸ்திரேட்டிடம் ஒரு வாக்குமூலம். வன்புணர்வு வழக்கு விசாரணை மூடிய அறையில் நடக்கும். பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுபவருக்கு நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி 2 ஆண்டு வரை சிறை. வாட்ஸ்அப் குழுவில் பகிர்பவருக்கும் இது பொருந்தும்.

பதிய மறுத்தால்? வன்புணர்வுப் புகாரையோ 74ஆம் பிரிவுப் புகாரையோ பதியாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாட்கள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. தொடுதல் சம்பந்தப்பட்ட புகார்களில் இந்த 14 நாள்தான் சமரசப் பேச்சு நுழையும் வாசல். ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற பதிலை எழுத்தில் கேளுங்கள்.

இந்த வழியின் மறைவான செலவுகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. போனை எடுத்துக்கொண்டால் திரும்பக் கிடைக்க நாளாகும். ரசீது வாங்குங்கள், வங்கிக் கணக்கோடு இணைத்த போன் எண்ணை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். வன்புணர்வு வழக்கில் புலன்விசாரணை 2 மாதத்தில், வழக்கு விசாரணை குற்றப்பத்திரிகையிலிருந்து 2 மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுகள் ஆகின்றன. வழக்கு பதிந்துவிட்டால் அது அரசின் வழக்கு. உங்களுக்கு மனம் மாறினாலும் வாபஸ் வாங்க முடியாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விகள் புண்படுத்தும். அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்களுக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அவரை இலவசமாகத் தரும்.

கெடு: 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. ஆகவே வன்புணர்வுக்கும் 74ஆம் பிரிவுக்கும் எப்போது வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். 3 ஆண்டு வரை தண்டனை உள்ளவற்றுக்கு, 3 ஆண்டுக்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும். ஆபாசப் பேச்சு போன்று 1 ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ளவற்றுக்கு 1 ஆண்டுதான். தாமதம் மட்டுமே வழக்கைக் கொன்றுவிடாது என்பதற்குத் தருமபுரி மாவட்டமே சாட்சி. 1992 ஜூன் 20 அன்று அரூர்ப் பகுதியின் வாச்சாத்தியில் அரசு ஊழியர்களால் 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அந்தப் பெண்கள் 31 ஆண்டு பொறுத்திருக்க நேர்ந்தது அநியாயம். ஆனால் தாமதத்தைக் காரணம் காட்டி அவர்களை யாராலும் விரட்ட முடியவில்லை.

## வழி 2: ஆப் நிறுவனத்திடமும் ஆர்.டி.ஓ.விடமும் புகார்

செலவில்லாதது, வேகமானது, பெயர் அதிகம் வெளியே வராதது. ஓட்டுநரின் கணக்கு முடக்கப்படலாம். அதனாலேயே பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஓர் ஆப்பில் நீக்கப்பட்டவர் இன்னோர் ஆப்பில் சேர்ந்துவிடலாம், அல்லது எந்த ஆப்பும் இல்லாமல் சவாரி ஓட்டலாம். தண்டனை என்று இதைக் கருத வேண்டாம்.

இதன் உண்மையான பயன் வேறு. பயணத் தகவல்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி எழுத்தில் கேட்கும் வாய்ப்பு இது. ஆப்பில் உள்ள பொத்தானை அழுத்துவதோடு நிற்காமல், நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: பயண எண், நேரம், “இந்தப் பயணத்தின் இருப்பிடப் பதிவு, அழைப்புப் பதிவு, ஓட்டுநரின் சரிபார்ப்பு ஆவணங்கள் அனைத்தையும் வழக்குக்காகப் பாதுகாத்து வையுங்கள்” என்ற ஒரு வரி. நடந்ததை முழுவதும் விவரிக்கத் தேவையில்லை. பின்னால் போலீஸ் கேட்கும்போது “தரவு அழிந்துவிட்டது” என்ற பதிலுக்கு இடமிருக்காது.

கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், கூப்பன் தருகிறோம் என்று பதில் வந்தால், ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற வாசகம் உள்ள எதையும் அழுத்தாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். கையில் இருந்தால் ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு மனு எழுதுங்கள். போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்துக்கு வண்டியைப் பயன்படுத்தியவரின் ஓட்டுநர் உரிமத்தை ரத்துசெய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த ஆள் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்பது உங்கள் நோக்கமானால், ஆப் கணக்கு முடக்கத்தைவிட இது பல மடங்கு வலுவானது. உரிமம் கர்நாடகத்தில் வாங்கியது என்றால் மனு அங்குள்ள அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

## வழி 3: அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழு

சிப்காட் தொழிற்சாலைகளிலும் பெங்களூர் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013), முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஓட்டுநரையும் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. கம்பெனி கேப், ஷிப்ட் வேன், கம்பெனிக் கணக்கில் பதிவுசெய்த ஆப் டாக்ஸி ஆகியவற்றில் நடந்தால் உங்கள் நிறுவனத்தின் குழுவிலேயே புகார் கொடுக்கலாம்.

இங்கே ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று குழு நம்பினால் போதும். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். இடையில் 3 மாதம் வரை விடுப்பு கேட்கலாம். போலீசில் புகார் கொடுக்க விரும்பினால் உதவுவது முதலாளியின் கடமை.

ஆனால் கெடு கடுமையானது: 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. எல்லா வழிகளிலும் மிகச் சத்தமில்லாமல் காலாவதியாவது இதுதான். போலீஸ் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று இதை விட்டுவிட்டவர்கள் பின்னால் திரும்பி வர முடியாது. மறைவான செலவு, அலுவலகத்தில் பேச்சு கசிவது. குழு ரகசியம் காக்கச் சட்டப்படி கட்டுப்பட்டது. ஆனாலும் குழுவில் யார் யார் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 10 பேருக்குக் குறைவான இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம்.

நீங்களே பதிவுசெய்த சொந்தப் பயணம் என்றால், ஆப் நிறுவனத்தின் குழுவுக்குப் போகலாமா? 2018இல் பெங்களூரில் ஓலா பயணத்தில் துன்புறுத்தலுக்கு ஆளான ஒரு பெண் இதைத்தான் கேட்டார். ஓட்டுநர் தங்கள் ஊழியர் அல்ல என்றது நிறுவனம். 2024 செப்டம்பர் 30 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, ஓட்டுநர் இச்சட்டத்தின்படி ஊழியரே என்று சொல்லி, குழு விசாரிக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. இதை மட்டும் நம்பி மற்ற வழிகளை விடாதீர்கள். ஆனால் 3 மாதத்துக்குள் ஒரு புகாரை அனுப்பி வைப்பதில் இழப்பு ஏதும் இல்லை.

## வழி 4: அரசு இழப்பீடு

கேட்டால் பலருக்கும் வியப்பாக இருக்கும்: ஓட்டுநர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதோ பிடிபட வேண்டும் என்பதோகூட இதற்கு நிபந்தனை அல்ல. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த திட்டத்தில் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு, கட்டணம் இல்லை, 2 மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். அவசரச் செலவுக்கு இடைக்கால உதவியும் கேட்கலாம்.

எஃப்.ஐ.ஆர். நகல் தேவைப்படும் என்பதால் நடைமுறையில் இது வழி 1-ஐ ஒட்டித்தான் வருகிறது. தொகையில் 75 சதவீதம் 3 ஆண்டுக்கு வைப்புநிதியாகப் போய்விடும். கையில் வருவது 25 சதவீதம். சிகிச்சைக்கோ படிப்புக்கோ வேண்டும் என்றால் முன்கூட்டி எடுக்கக் கோரலாம். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் தனியாக இருக்கட்டும்.

## வழி 5: நிறுவனத்தின் மீது வழக்கு

‘பணத்துக்காகப் போடுகிறாள்’ என்பார்கள் என்று அஞ்சிப் பலர் இதை நினைத்தும் பார்ப்பதில்லை. சரிபார்க்காத ஆளை அனுப்பிவிட்டு லாபம் பார்த்த நிறுவனத்திடம் கணக்குக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எளிய கதவு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை; ஆக, எந்த டாக்ஸிப் பயணத்துக்கும் இல்லை. கெடு 2 ஆண்டு. விதிமுறைகளில் ‘தகராறு நடுவர் தீர்ப்பாயத்துக்கே’ என்று எழுதியிருந்தாலும் அது உங்களைத் தடுக்காது. உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கிவிட்டது.

புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் வெற்றி இருக்கிறது. ஓட்டுநர் செய்த குற்றத்தை நிரூபிக்கும் இடம் இது அல்ல. சிக்கலான சாட்சியம் வேண்டும் என்றால் ‘உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள்’ என்று ஆணையம் அனுப்பிவிடலாம். நிறுவனம் தன் பங்கில் செய்யத் தவறியதை மட்டும் எழுதுங்கள்: வேறு ஆள் வந்தது, அவசரப் பொத்தான் வேலை செய்யாதது, முந்தைய புகார்களைப் பொருட்படுத்தாதது, உங்கள் புகாருக்குப் பதில் தராதது. மத்திய அரசு 2020இல் வெளியிட்டு 2025இல் புதுப்பித்த டாக்ஸி நிறுவன நெறிமுறைகள் ஓட்டுநரின் போலீஸ் சரிபார்ப்பை வலியுறுத்துகின்றன. அவற்றைச் சுட்டிக்காட்டுங்கள்.

“நாங்கள் இணைத்துவிடும் தளம் மட்டுமே” என்ற பதிலைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அதை உடைக்க வேண்டிய பெரிய தொகை வழக்கு என்றால் உரிமையியல் நீதிமன்றம். அங்கே நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகைக்கு ஏற்ப ஏறும். சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் போனால் அந்தச் சுமை குறையும். காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. சில கோரிக்கைகளுக்கு 1 ஆண்டுதான் என்பதால் முதல் ஆண்டுக்குள் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் அமெரிக்க வழக்கறிஞர்களின் விளம்பரம்தான் வரிசையாக வரும். அந்த நாட்டு நிலை வேறு. ஊபர் தன் முதல் பாதுகாப்பு அறிக்கையில் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அங்கே 5,981 கடுமையான பாலியல் அத்துமீறல் புகார்கள் வந்ததாகச் சொன்னது. அங்குள்ள மத்திய நீதிமன்ற வழக்குகள் 2023 முதல் சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றாக விசாரிக்கப்படுகின்றன. வென்றால் மட்டும் பங்கு என்று அங்கே வழக்கறிஞர்கள் வழக்கெடுப்பார்கள். இந்தியாவில் அப்படிப் பேச வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை, அப்படிச் சொல்லி அணுகுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் ஓட்டுநரால் வன்புணர்வுக்கு ஆளான பெண், நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது உண்மை. அது சமரசத்தில் முடிந்தது. ஆனால் அந்த ஓட்டுநருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது டெல்லி நீதிமன்றத்தில், ஓராண்டுக்குள்.

## ஒரே பார்வையில்

| வழி | கெடு | கட்டணம் | கிடைப்பது | நிறுத்த முடியுமா |
|---|---|---|---|---|
| மருத்துவமனை | 72 மணி நேரம் | இல்லை | சிகிச்சை, ஆதாரம் | உங்கள் சம்மதப்படி |
| போலீஸ் | கடுங்குற்றங்களுக்கு இல்லை; சிறியவற்றுக்கு 1 முதல் 3 ஆண்டு | இல்லை | கைது, தண்டனை | முடியாது |
| ஆப் நிறுவனம் | உடனே நல்லது | இல்லை | கணக்கு முடக்கம், தரவுப் பாதுகாப்பு | முடியும் |
| ஆர்.டி.ஓ. | எஃப்.ஐ.ஆர். வந்ததும் | இல்லை | உரிமம் ரத்து | அதிகாரி முடிவு |
| உள்ளகக் குழு | 3 மாதம் (+3) | இல்லை | விடுப்பு, நடவடிக்கை, இழப்பீடு | முடியும் |
| அரசு இழப்பீடு | 3 ஆண்டு | இல்லை | 4 முதல் 7 லட்சம் (வன்புணர்வு) | முடியும் |
| நுகர்வோர் ஆணையம் | 2 ஆண்டு | இல்லை | நிறுவனத்திடம் இழப்பீடு | முடியும் |
| உரிமையியல் வழக்கு | 1 முதல் 3 ஆண்டு | தொகைக்கு ஏற்ப | பெரிய இழப்பீடு | முடியும் |

## ஊரில் பேசி முடித்துக்கொள்வது

இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. ஆனால் நம் பக்கத்தில் ஓட்டுநரும் பக்கத்து ஊர்க்காரராக இருந்துவிட்டால் முதலில் வருவது இந்தப் பேச்சுத்தான், அதனால் சொல்கிறேன். வன்புணர்வும் 74ஆம் பிரிவுக் குற்றமும் சமரசம் செய்துகொள்ளக்கூடியவை அல்ல. இரு தரப்பும் கையெழுத்திட்ட முத்திரைத்தாள் வழக்கை முடித்துவிடாது. பாலியல் துன்புறுத்தல் வழக்கைச் சமரசத்தின் பேரில் ரத்துசெய்ய முடியாது என்று 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண் கையெழுத்திட்ட தாள், பின்னால் அவள் பேச்சுக்கு எதிராகவே காட்டப்படும். பணம் பெரும்பாலும் அவள் கைக்கு வருவதும் இல்லை.

## எந்த நிலையில் எது

நடந்து மூன்று நாள் ஆகவில்லை, உடல் ரீதியான அத்துமீறல்: மருத்துவமனை, அதே நாளில் தரவுப் பாதுகாப்பு மின்னஞ்சல். புகார் பற்றி மறுநாள் முடிவெடுக்கலாம். என்னைக் கேட்டால் கொடுங்கள் என்பேன். காயமும் கேமராப் பதிவும் நாளாக நாளாக மங்குகின்றன. சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க் கேமராக்களின் பதிவுகளைச் சேகரிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கம்பெனி வண்டியில் நடந்தது, வேலை போய்விடுமோ என்ற பயம்: வழி 3-ஐ எழுத்தில் தொடங்குங்கள். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு அனுப்பினால் அந்தத் தேதியிட்ட புகாரே உங்களுக்குக் கேடயம். கூடவே போலீஸ்.

தொடவில்லை, ஆனால் ஆபாசமாகப் பேசினான், பாதை மாற்றி ஓட்டினான், இப்போது இரவில் அழைக்கிறான்: வழி 2, போலீஸ். இங்கே மருத்துவ ஆதாரம் தேவையில்லை. அழைப்புப் பட்டியலும் ஆப் காட்டும் வரைபடமும் போதும். எண்ணை முடக்குவதற்கு முன் பட்டியலை எடுத்துவிடுங்கள்.

கோர்ட் வேண்டவே வேண்டாம் என்று மனம் உறுதியாகச் சொல்கிறது: அதுவும் உங்கள் உரிமை. மருத்துவமனையும் மனநல ஆலோசனையும் பெண்கள் உதவி எண் 181 மூலமாகவோ மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையம் மூலமாகவோ எந்த வழக்கும் இல்லாமலே கிடைக்கும். கருவுற்றிருந்தால் 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் இல்லை.

மாதங்கள் ஓடிவிட்டன: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 6 மாதம் தாண்டாவிட்டால் உள்ளகக் குழுவுக்கு இன்றே. 2 ஆண்டு தாண்டாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வன்புணர்வு என்றால் போலீஸ் புகாருக்குக் கெடுவே இல்லை. தாமதத்துக்கான காரணத்தை, அது பயமோ திருமணப் பேச்சோ எதுவானாலும், புகாரின் முதல் பத்தியிலேயே உள்ளபடி எழுதிவிடுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது, ஓசூர்க்காரர்களுக்கு அங்குள்ள நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துக்கொண்டு, நம்பகமான ஒருவரோடு போங்கள்.